முகம் காட்டாமல் போனிலேயே லைவ்: கேரக்டர் ஏன் உறைகிறது, குரல் ஏன் காணாமல் போகிறது?

கேள்வி: என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை. 4 ஜிபி ரேம் கொண்ட ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான் இருக்கிறது. நான் பேசுவதற்கேற்ப வாயசைத்துத் தலையாட்டும் ஓர் அனிமேஷன் கேரக்டரை வைத்து யூடியூபில் லைவ் செய்ய ஆசை. சோதித்துப் பார்த்தபோது முதல் பத்து நிமிடம் நன்றாகவே ஓடியது. அதன்பின் போன் சுட்டது, கேரக்டர் விட்டுவிட்டு அசைந்தது. வேறு இரண்டு செயலிகளைச் சேர்த்து முயன்றேன். அதில் கேரக்டர் அழகாக அசைந்தது, ஆனால் என் குரல் போகவே இல்லை. என்ன தவறு? ஐபோன் இருந்தால்தான் இது நடக்குமா?

பதில்: ஐபோன் வாங்க வேண்டாம். உங்கள் போனிலேயே ஒரு மணி நேரம் தடையின்றி லைவ் செய்யலாம். ஆனால் அந்தப் போன் ஒரே நேரத்தில் எத்தனை வேலை பார்க்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். முன்கேமராவில் உங்கள் முகத்தைப் படித்துக் கண், வாய், தலையின் அசைவைக் கணக்கிடுவது ஒன்று. அந்தக் கணக்கின்படி கேரக்டரை நொடிக்கு 30 முறை வரைவது இரண்டாவது. வரைந்ததை வீடியோவாகச் சுருக்குவது மூன்றாவது. சுருக்கியதை இடைவிடாமல் நெட்டில் ஏற்றுவது நான்காவது. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் முகம் படிப்பதைப் போனிடமும் மற்றதைக் கம்ப்யூட்டரிடமும் விட்டுவிடுவார்கள். உங்கள் போன் நான்கையும் தனியாகச் சுமக்கிறது. சூடு ஒரு எல்லையைத் தாண்டியதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் சரியாக ஓடிப் பிறகு தடுமாறியதற்கு இதுதான் காரணம். செயலியை அழித்துத் திரும்ப நிறுவுவதால் இது தீராது. ஒவ்வொரு வேலையின் எடையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

குரல் போகாததற்குக் காரணம்

இரண்டு செயலிகளைச் சேர்த்து என்று சொல்கிறீர்கள். விடியூப் ஸ்டுடியோ போன்ற ஒன்றில் கேரக்டரை ஓடவிட்டு, இன்னொரு செயலி வழியாகத் திரையைப் பகிர்ந்திருப்பீர்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் ஒரு விதி இருக்கிறது: இரண்டு சாதாரணச் செயலிகள் ஒரே நேரத்தில் மைக்கைக் கேட்டால், திரையில் மேலே தெரியும் செயலிக்குத்தான் ஒலி கிடைக்கும். பின்னணியில் இருப்பதற்கு வெறும் மௌனம் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. கேரக்டர் செயலி உங்கள் குரலைக் கேட்டு வாயசைத்தது, லைவ் செயலிக்கோ ஒன்றும் கேட்கவில்லை.

கேரக்டர் செயலியின் அமைப்புகளில் மைக் வழி வாயசைவை அணைத்துவிட்டு, கேமரா வழி வாயசைவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போனின் அமைப்புகளுக்குப் போய் அந்தச் செயலியின் மைக் அனுமதியையே நீக்கிவிடுவது இன்னும் உறுதி. கூடவே, லைவ் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை 'வரம்பில்லாதது' என்று மாற்றுங்கள். இல்லையென்றால் பின்னணியில் இருக்கிறதே என்று போன் அதை நடுவில் மூடிவிடும்.

இதே பின்னணிச் சிக்கல் கேமராவுக்கும் உண்டு. கேரக்டர் செயலியை விட்டு ஒரு கேமுக்குள் போனால் பொதுவாகக் கேமரா அறுந்துவிடும், கேரக்டர் சிலையாகிவிடும். ஐபோனிலும் இதே கதைதான். ஒரே போனில் கேமும் ஆட வேண்டும், முகத்தைப் படிக்கும் கேரக்டரும் வேண்டும் என்றால் நடக்காது. கேம் லைவில் குரலுக்கு மட்டும் வாயசைக்கும் கேரக்டரோடு நின்றுகொள்ள வேண்டும்.

4 ஜிபி போனுக்கு எங்கள் பரிந்துரை

இரண்டு செயலி வழியை விடுங்கள். முகம் படிப்பது, வரைவது, அனுப்புவது மூன்றையும் ஒரே செயலி செய்தால் நினைவகம் மிச்சம், மைக் சண்டையும் இல்லை. பிரிசம் லைவ் ஸ்டுடியோவின் மொபைல் செயலியில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. அதில் உள்ள கேரக்டரையும் எடுக்கலாம், உங்கள் சொந்த விஆர்எம் கோப்பையும் (3டி கேரக்டர்களுக்கான கோப்பு வகை) ஏற்றலாம். அங்கிருந்து நேராக யூடியூபுக்குப் போகலாம். ரியாலிட்டி என்ற செயலி இதைவிட எளிது. கேரக்டரை அதற்குள்ளேயே உருவாக்கி அங்கேயே லைவ் செய்யலாம். ஆனால் அது தனி மேடை, பார்வையாளர்களும் அந்தச் செயலிக்குள் இருப்பவர்கள். பேசிப் பழக நல்ல இடம், யூடியூப் சேனல் வளர்க்க அது வழியல்ல.

கேரக்டரின் எடை

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கம்ப்யூட்டருக்காகச் செய்த கேரக்டரை அப்படியே போனில் ஏற்றினால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை.

2டி கேரக்டர், அதாவது லைவ்2டி வகை என்றால், முதலில் டெக்ஸ்சர் படத்தின், அதாவது கேரக்டரின் உறுப்புகள் வரையப்பட்ட படத்தின் அளவைப் பாருங்கள். ஒரு பிக்சலுக்கு 4 பைட். 2048×2048 படம் நினைவகத்தில் 16 எம்பி பிடிக்கும். 4096×4096 என்றால் 64 எம்பி. 8192×8192 என்றால் 256 எம்பி. கோப்பு 10 எம்பிதானே என்று ஏமாற வேண்டாம், அது சுருக்கி வைத்த அளவு. வரையும்போது முழுதாக விரிந்துதான் உட்காரும். 4 ஜிபி போனில் 4096 படம் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. 720பி லைவில் அதற்கு மேலான நுணுக்கம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியப்போவதுமில்லை. வரைந்து கொடுத்தவரிடம் 'போனுக்கான 2048 பதிப்பு' என்று கேட்டு வாங்குங்கள். கிளிப்பிங் மாஸ்க்குகளை (ஒரு பகுதியை இன்னொன்றின் எல்லைக்குள் மட்டும் காட்டும் மறைப்புகள்) குறைக்கச் சொல்லுங்கள், போனில் வேகத்தைத் தின்பவற்றில் அவையும் அடக்கம்.

3டி என்றால் விஆர்எம் கோப்பு. இதைச் செய்யும் விராய்டு ஸ்டுடியோ இலவசம், ஆனால் கம்ப்யூட்டரிலோ ஐபேடிலோதான் ஓடும். ஒருநாள் யாரிடமாவது கடன் வாங்கிச் செய்துகொண்டால் போதும். கோப்பை வெளியே எடுக்கும் திரையில் பாலிகன்களை (கேரக்டரின் உருவத்தை ஆக்கும் சிறு முக்கோணங்கள்) குறைப்பது, மெட்டீரியல்களை (நிறம், பளபளப்பு போன்ற மேற்பரப்பு அமைப்புகள்) ஒன்றிணைப்பது, எலும்புகளைக் குறைப்பது, உடைக்குள் மறைந்த பகுதிகளை நீக்குவது என்று தேர்வுகள் இருக்கும். அத்தனையும் பயன்படுத்துங்கள். 30,000 முக்கோணங்களுக்குள் கொண்டுவருவது நல்ல இலக்கு. பெரும்பாலும் தலைமுடிதான் பாதிக்கு மேல் விழுங்கியிருக்கும், முதலில் அங்கே கை வையுங்கள். ஆடும் முடி, பறக்கும் துப்பட்டா எல்லாம் ஒவ்வொரு பிரேமுக்கும் தனிக் கணக்கு. அழகுக்கு இரண்டு இடத்தில் ஆட்டம் இருந்தால் போதும்.

கோப்பை ஏற்றும்போது செயலி திறக்க மறுத்தால் பதிப்பைச் சந்தேகப்படுங்கள். விஆர்எம்மில் 0.0, 1.0 என இரண்டு பதிப்புகள் புழங்குகின்றன. 1.0 புதியது, எல்லாச் செயலியும் அதைப் படிப்பதில்லை. 0.0 ஆக எடுத்து மறுபடி முயலுங்கள்.

விராய்டு ஹப் போன்ற இடங்களில் பிறர் செய்த கேரக்டரைப் பதிவிறக்கினால், அதன் உரிம நிபந்தனையை வரி விடாமல் படியுங்கள். யார் பயன்படுத்தலாம், பணம் ஈட்டலாமா, மாற்றலாமா என்பதெல்லாம் விஆர்எம் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். சேனல் வளர்ந்த பிறகு கேரக்டரை மாற்ற நேர்வது மிகவும் வலிக்கும். பார்ப்பவர்களுக்கு அதுதானே உங்கள் முகம்.

ஐபோன் எங்கே முந்துகிறது?

முக அடையாளம் உள்ள ஐபோன்களின் ட்ரூடெப்த் கேமரா, அகச்சிவப்புப் புள்ளிகளால் முகத்தின் ஆழத்தை அளக்கிறது. ஆப்பிளின் ஏஆர்கிட் மென்பொருள் 52 வகை முக அசைவுகளைத் தனித்தனி எண்ணாகத் தருகிறது. கன்னம் உப்புவது, நாக்கு நீட்டுவது வரை அதில் அடக்கம். உங்கள் போன் சாதாரணப் படத்திலிருந்துதான் ஊகிக்கிறது. வித்தியாசம் உண்மை. ஆனால் கேரக்டரிலும் அந்த 52 அசைவுகளுக்கான வடிவங்கள் செய்யப்பட்டிருந்தால்தான் பலன். சாதாரண விஆர்எம் கேரக்டரில் கண் சிமிட்டல், அ-இ-உ-எ-ஒ என ஐந்து வாய் வடிவங்கள், நான்கைந்து உணர்ச்சிகள், அவ்வளவுதான். அந்தக் கேரக்டரை ஐபோனில் ஓட்டினாலும் அதே ஐந்து வாய்தான்.

ஆண்ட்ராய்டில் பெரிய முன்னேற்றம் தருவது வெளிச்சம். இருட்டில் கேமரா ஒவ்வொரு படத்தையும் அதிக நேரம் திறந்து எடுக்கிறது. நொடிக்கு 30 படம் கிடைக்க வேண்டிய இடத்தில் 15 கிடைக்கும். கேரக்டர் வெட்டி வெட்டி அசையும், நீங்கள் போனைக் குறை சொல்வீர்கள். போனுக்குப் பின்னால், முகத்துக்கு நேராக ஒரு வெள்ளை விளக்கு வையுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னலோ விளக்கோ கூடாது. கண்ணாடி அணிபவர்கள் விளக்கைக் கொஞ்சம் உயர்த்தினால் லென்ஸில் பட்டுத் தெறிக்காது. லென்ஸில் ஒளி தெறித்தால் கேரக்டரின் கண் மூடித் திறந்துகொண்டே இருக்கும்.

போன் கண் மட்டத்தில், 40 முதல் 60 செ.மீ. தொலைவில், ஸ்டாண்டில் இருக்கட்டும். கையில் பிடித்தால் கை நடுக்கமும் தலையாட்டலாகிவிடும். போனைப் படுக்கை வசமாக வைத்தால் கேமரா ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், கேரக்டர் எப்போதும் எங்கோ பார்ப்பதுபோல் தெரியும். திரையின் நடுவைப் பார்த்து, வாயை மூடி, சிரிக்காமல் இருந்து 'கேலிபரேட்' கொடுத்தால் அது நேராகும். இருக்கை மாறினால் திரும்பவும் செய்ய வேண்டும்.

வாயசைவில் ஒன்று: குரலை மட்டும் கேட்டு அசையும் முறையில் ப, ம வரும்போது பெரும்பாலும் உதடு சரியாக மூடாது, 'அம்மா' என்றால் வாய் திறந்தபடியே இருக்கலாம். கேமரா முறையில் மூடும். பேச்சுதான் உங்கள் லைவ் என்றால் கேமரா முறையையே எடுங்கள்.

சூடு, நெட், ஒலி

720பி, நொடிக்கு 30 பிரேம், பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் வீடியோ டேட்டா) 2,500 கேபிபிஎஸ், கீபிரேம் (முழுதாக அனுப்பப்படும் படம்) இடைவெளி 2 நொடி, ஒலி 128 கேபிபிஎஸ். இதிலிருந்து தொடங்குங்கள். ஒரே நிறத் தளங்களும் அசையாத பின்னணியும் கொண்ட கேரக்டர் லைவுக்கு இது தாராளம். மின்னும் நட்சத்திரம், விழும் பூ என்று பின்னணி வைத்தால் பிட்ரேட்டின் பெரும்பகுதி அதற்கே போய் முகம் கலங்கும். இந்த அளவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.2 ஜிபி டேட்டா செலவாகும். அப்லோட் வேகம் நிலையாக 5 எம்பிபிஎஸ் இருக்க வேண்டும். வேகச் சோதனையில் பலர் டவுன்லோடைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். லைவுக்கு அது உதவாது.

போன் உறையைக் கழற்றுங்கள். திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் சார்ஜ் போட்டே ஆக வேண்டுமென்றால் ஃபாஸ்ட் சார்ஜர் வேண்டாம், பழைய 5 வோல்ட் 1 ஆம்பியர் சார்ஜர் போதும். பின்புறம் சிறு மின்விசிறி வைத்தால் நல்ல பலன் தெரியும். ஆனால் அதன் சத்தம் மைக்கில் விழக் கூடாது. குரல் வழி முறையில் அந்த இரைச்சலுக்கே கேரக்டர் வாயை அசைத்துக்கொண்டிருக்கும். ஐஸ் பை வேண்டவே வேண்டாம், உள்ளே நீர் கோத்துவிடும்.

மைக்குக்கு ஒயர் உள்ள இயர்போன் போதும். புளூடூத் வேண்டாம். புளூடூத் மைக்கைத் திறந்ததும் ஒலி தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும், தாமதமும் சேரும். குரல் முந்தி, வாய் பிந்தினால் லைவ் செயலியில் ஒலித் தாமதம் என்ற அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 100 மில்லி நொடியில் தொடங்கி, 'ப, ப, ப' என்று சொல்லிப் பதிவு செய்து சரிபாருங்கள்.

யூடியூப் பக்கம்

சேனலைத் தொலைபேசி எண்ணால் சரிபார்த்து லைவை இயக்கினால், முதல்முறை 24 மணி நேரம் வரை ஆகலாம். முதல் லைவை அறிவிப்பதற்கு முன்தினமே இதை முடித்துவிடுங்கள். யூடியூபின் சொந்தச் செயலியிலிருந்து மொபைல் லைவ் செய்ய 50 சந்தாதாரர்கள் வேண்டும். ஸ்ட்ரீம் கீ (உங்கள் சேனலுக்கு லைவ் அனுப்பும் ரகசியக் குறியீடு) கொடுத்து வேறு செயலியை என்கோடராக, அதாவது வீடியோவைச் சுருக்கி அனுப்பும் செயலியாக இணைத்தால் அந்த எண்ணிக்கை கேட்பதில்லை. அந்தக் கீயைத் திரையில் காட்டிவிடாதீர்கள், தெரிந்துவிட்டால் உடனே புதிதாக மாற்றுங்கள். 2025 ஜூலை 22 முதல், லைவ் செய்பவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும்.

முகம் வெளியே தெரியாமல்

முகம் காட்ட விரும்பாதவருக்கு மற்ற எல்லாக் கோளாறையும்விடப் பெரியது இது. கேரக்டர் முறையை இயக்கிய பிறகுதான் லைவ் பொத்தானை அழுத்த வேண்டும். வரிசை மாறினால் முதல் சில நொடிகள் உங்கள் உண்மை முகம் போய்விடும். லைவ் நடுவில் அந்த முறையை அணைக்கும் பொத்தானையோ பின்கேமராவுக்கு மாற்றும் பொத்தானையோ தொடாதீர்கள். கேமரா முன்னோட்டம் சிறு கட்டமாகத் திரையில் தெரிகிறதா என்று பார்த்து அணையுங்கள், திரைப் பகிர்வில் அதுவும் சேர்ந்து போகும்.

வாட்ஸ்அப் செய்தியும் ஓடிபியும் மேலே வந்து விழுந்தால் அவையும் பகிரப்படும். ஏரோபிளேன் முறை போட்டு வைஃபையை மட்டும் இயக்கினால், வைஃபை காலிங் அணைந்திருக்கும் வரை சிம் அழைப்பு வராது, ஆனால் வாட்ஸ்அப் அழைப்பு வரும். ஆகவே 'தொந்தரவு செய்யாதே' முறையும் கட்டாயம். புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் முழுத் திரைக்குப் பதில் ஒரு செயலியை மட்டும் பகிரும் தேர்வு இருக்கும். இருந்தால் அதையே எடுங்கள். சேனலுக்குத் தனி கூகுள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், சொந்தப் பெயர் எங்கும் எட்டிப்பார்க்காது.

ஒத்திகையைத் 'தனிப்பட்டது' என்ற அமைப்பில் 40 நிமிடம் நடத்துங்கள். பத்து நிமிடம் போதாது, உங்கள் போன் தடுமாறத் தொடங்குவதே அதன் பிறகுதான். நடுவில் வேறொரு போனிலிருந்து அழைக்கச் சொல்லுங்கள். ஒருமுறை கேமராவைக் கையால் மூடித் திறங்கள், ஒருமுறை கேமராவின் பார்வையைவிட்டு எழுந்து போய்த் திரும்புங்கள். முகம் தொலைந்த நொடியில் உங்கள் செயலி கேரக்டரை உறைய வைக்கிறதா, மறைக்கிறதா, நேரடிக் கேமராவைக் காட்டுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். மூன்றாவது நடந்தால் அந்தச் செயலியை விட்டுவிடுங்கள். முடிந்ததும் பதிவை இன்னொரு திரையில் தொடக்கம் முதல் ஓடவிட்டு, எந்த நிமிடத்தில் அசைவு தடுமாறுகிறது என்று குறியுங்கள். 25ஆம் நிமிடம் என்றால் கேரக்டரின் டெக்ஸ்சரை இன்னும் ஒரு படி குறையுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் நொடிக்கு 24 பிரேமுக்கு இறங்கி, மறுபடி 40 நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.