மலைப் பாதையில் தனியாக நெடுந்தூரம் பைக் ஓட்டிப் போவது ஆபத்தா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆபத்துதான். ஆனால் கிளம்புவதற்கு முன் நாம் பயப்படுவது ஒன்று, அங்கே போனதும் நம்மைப் படுத்துவது வேறொன்று.

2022 ஜூலையில் இமயமலையில் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை தனியாகப் போனேன். சுமார் 430 கிலோமீட்டர். பாதாளத்தையும் லாரிகளையும் நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. கடைசியில் என்னைப் படுத்தியெடுத்தது தண்ணீரும் உயரமும்.

அந்தப் பாதையில் பனி உருகி வரும் ஓடைகள் பல இடங்களில் சாலை மேலேயே பாயும். நாலா என்பார்கள். இரவுக் குளிரில் உருகுவது நின்றுபோவதால் விடியற்காலையில் தண்ணீர் குறைவு. வெயில் ஏற ஏறப் பெருகி, மதியத்துக்கு மேல் வெள்ளமாக வரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வழியில் உள்ள ஜிஸ்பா என்ற ஊரில் பாகா ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டு, பதினொரு மணிக்குத்தான் கிளம்பினேன். கூட ஒருவன் இருந்திருந்தால் ஆறு மணிக்கே எழுப்பி விரட்டியிருப்பான். தனியாகப் போவதில் உள்ள உண்மையான சிக்கல் இதுதான்: கிளம்பு என்றும், போதும் நில் என்றும் சொல்ல ஆள் கிடையாது.

மேலே ஜிங்ஜிங்பார் என்ற இடத்தைக் கடந்ததும் ஒரு நாலா. முழங்கால் அளவு தண்ணீர், அடியில் உருண்டைக் கற்கள். முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்து, ஆக்சிலரேட்டரை விடாமல் போக வேண்டும். அப்படித்தான் போனேன். நடுவில் முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறிச் சறுக்க, வண்டி வலது பக்கம் சாய்ந்துவிட்டது.

உடனே இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சை அமுக்கி, மூட்டைகளை அவிழ்த்துக் கரையில் போட்டேன். வண்டி வலது பக்கம் விழுந்தால், தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தூக்குகிற வேகத்தில் இடது பக்கம் போய் விழும். ஸ்டாண்டு மணலில் புதையாமலிருக்க அது வந்து நிற்கும் இடத்தில் ஒரு தட்டைக் கல்லைப் போட்டேன். அப்புறம் சீட்டில் முதுகைக் கொடுத்துக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, காலால் உந்திப் பின்னோக்கித் தூக்க வேண்டும். இடுப்பால் தூக்கினால் இடுப்பு போய்விடும். 200 கிலோவுக்குப் பக்கமான வண்டி. அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். ஒவ்வொரு முயற்சிக்கும் பிறகு நெஞ்சு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. நான்காவது தடவை நிமிர்ந்தது.

அப்போதே ஜிஸ்பாவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஈர பூட்ஸோடு பாரலாச்சா கணவாய் ஏறி, இருட்டும் நேரத்தில் கூடாரங்களில் தங்கும் இடமான சர்ச்சு போய்ச் சேர்ந்தேன். ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர், சர்ச்சு சுமார் 4,300. மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை. நான் ஒரே நாளில் இரண்டு மடங்கு ஏறியிருந்தேன். எட்டு மணிக்குத் தலைவலி, அப்புறம் வாந்தி.

உயரத்தால் வரும் இந்த நோய்க்கு நல்ல மருந்து கீழே இறங்குவது. ஆனால் சர்ச்சுவிலிருந்து லே பக்கம் போனாலும் மணாலி பக்கம் திரும்பினாலும் முதலில் இன்னும் உயரமான கணவாயை ஏறித்தான் ஆக வேண்டும். வரைபடத்தில் இது என் கண்ணில் படவே இல்லை. போகிற யாரும் தங்கும் இடத்தின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், அங்கிருந்து வெளியேறும் வழியின் உயரத்தையும் பாருங்கள்.

கூடாரம் நடத்தியவரிடம், "ராத்திரி ஒரு தடவை வந்து என்னை எழுப்பிப் பாருங்கள், பேச்சு குழறினாலோ நடக்கும்போது தள்ளாடினாலோ காத்திருக்காமல் ஏதாவது வண்டியில் ஏற்றிவிடுங்கள்" என்று சொல்லி வைத்தேன். அவர் இரண்டு தடவை டார்ச்சோடு வந்தார். அந்த மனிதரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

விடிந்தபோது தலைவலி தணிந்து, வாந்தி நின்றிருந்தது. அதனால்தான் சாவியைத் தொட்டேன். இல்லாவிட்டால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஜீப்பில் இறங்கியிருப்பேன். ஜிஸ்பாவுக்குத் திரும்பி இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். அப்படியே கீழே 'தாண்டி' என்ற ஊர் வரை போய், டேங்கையும் கேனையும் மறுபடி நிரப்பிக்கொண்டேன். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று பலகை வைத்திருந்த ஊர் அது. மலையேற்றத்தில் மைலேஜ் குறையும் என்பதால் கணக்கை இறுக்கிப் பிடிக்கக் கூடாது.

மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். அதே நாலாவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஓரங்களில் மெல்லிய பனித்தகடு. சைடு ஸ்டாண்டுக்காக நான் போட்ட தட்டைக் கல் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அதற்கு இடது பக்கமாக வண்டியை விட்டேன். பூட்ஸுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை.