கானாடுகாத்தான்ல ஷேர் சைக்கிள் ஓடுமா? முதல்ல எரியற லைட்டை எண்ணுங்க

காரைக்குடில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "சார், 40 சைக்கிள் வாங்கி மொபைல் ஆப்ல லாக் திறந்து ஒரு ஸ்டாண்ட்ல எடுத்து இன்னொரு ஸ்டாண்ட்ல விடற மாதிரி ஷேர் சைக்கிள் விடலாம்னு இருக்கேன். பக்கத்துல இருக்கற செட்டிநாட்டு ஊர் கானாடுகாத்தான்ல தெரு எல்லாம் அகலமா நேரா இருக்கு, மேடும் இல்ல, டூரிஸ்ட்டும் வர்றாங்க. 5 ஸ்டாண்ட் அங்க போடவா, காரைக்குடியிலயே போடவா?"

தம்பி, நீங்க தெருவைப் பாத்துட்டீங்க, தெருவுல யார் இருக்காங்கனு பாக்கல. சாயந்தரம் ஏழு மணிக்கு கானாடுகாத்தான்ல ஒரு ரவுண்டு நடந்து எத்தனை வீட்ல லைட் எரியுதுனு எண்ணிப் பாருங்க. நம்மூர் பெரிய வீடுங்க முகப்பு ஒரு தெருவுல, பின்கட்டு அடுத்த தெருவுலனு நீண்டு கிடக்கும், பாதிக்கு மேல பூட்டுதான், கல்யாணம் காட்சினா பங்காளி எல்லாம் வந்து தொறப்பாங்க, மத்த நாள்ல ஒரு காவக்காரர் இல்லனா வயசான ஆச்சி ஒருத்தங்க. மேப்புல பாத்தா நெருக்கமா கட்டடம், ஆனா காலைல வேலைக்கு கிளம்பறதுக்கு ஆள் கிடையாது. ஷேர் சைக்கிளுக்கு கட்டடம் கணக்கே இல்ல, ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் தினமும் போக வேண்டிய ஆளுதான் கணக்கு. அதனாலதான் எந்த ஊர்லயும் காலேஜ், ஆபீஸ், பஸ் ஸ்டாண்ட், கடைவீதி பக்கம் இருக்கற ஸ்டாண்ட்தான் ஓடும், வெறும் வீடா இருக்கற ஏரியால காலைல எடுப்பாங்க, அப்பறம் நாள் பூரா சும்மா.

அப்ப காரைக்குடிதான். ஆனா அங்கயும் பள்ளிக்கூட வாசல்ல போட்றாதீங்க, அரசு பள்ளி, உதவி பெறும் பள்ளி பசங்களுக்கு பிளஸ் ஒன்லயே அரசாங்கம் இலவச சைக்கிள் குடுத்துடுது, அவன் எதுக்கு உங்களுக்கு காசு குடுப்பான்? காலேஜ் வேற கதை. அழகப்பா யுனிவர்சிட்டி, இன்ஜினியரிங் காலேஜ், சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இதுக்கெல்லாம் வெளியூர்லேர்ந்து வந்து ஹாஸ்டல்ல இருக்கற புள்ளைங்க, தேவகோட்டை புதுவயல் பக்கத்துலேர்ந்து பஸ்ல வந்து இறங்கறவங்க, இவங்க கைல சைக்கிள் இருக்காது. உங்க கஸ்டமர் அவங்கதான்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு, பல பேர் கவுந்தது இதுலதான். ஒரு முனைல பஸ் ஸ்டாண்ட், இன்னொரு முனைல காலேஜ்னு மட்டும் போட்டா, ஒன்பதரை மணிக்கு 40 சைக்கிளும் காலேஜ்ல குவிஞ்சு கிடக்கும், பஸ் ஸ்டாண்ட்ல ஒண்ணு இருக்காது, நீங்க டாட்டா ஏஸ் வச்சு ஏத்தி இறக்கணும், டீசல் காசுலயே லாபம் போயிடும். பாரிஸ்ல 2007-ல வெலிப்னு ஷேர் சைக்கிள் ஆரம்பிச்சப்ப மான்மார்ட்ர் மேட்டுலேர்ந்து எல்லாரும் ஜாலியா இறங்குவாங்க, திரும்ப மிதிச்சு ஏற ஆள் இல்ல, அப்பறம் மேட்டு ஸ்டாண்ட்ல கொண்டு விட்டா கூடுதலா ஓட்டிக்க 15 நிமிஷம் போனஸ்னு குடுத்தாங்க. நமக்கு மேடு இல்ல, ஆனா காலேஜ் டைமே மேடு மாதிரிதான். அதுக்கு மருந்து, எல்லாம் கலந்து இருக்கற இடம்: மெஸ், ஜெராக்ஸ் கடை, ஜவுளிக்கடை, வீடு, கிளினிக் எல்லாம் சேந்திருக்கற நூறடி ரோடு, செக்காலை ரோடு மாதிரி இடம், அங்க வர்றவனும் போறவனும் ஒரே நேரத்துல இருப்பான், சைக்கிள் தானா சமன் ஆகும்.

ஸ்டாண்ட் நெருக்கமா இருக்கணும். 300 மீட்டருக்கு ஒண்ணு, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 10லேர்ந்து 16 வரைனு இந்தத் தொழில்ல ஒரு கணக்கு உண்டு, அதுக்கு மேல நடக்க வச்சா நம்மாளு ஷேர் ஆட்டோவுக்கு கை காட்டிடுவான். உங்ககிட்ட 5-தான், ஊர் பூரா தூவாதீங்க, காலேஜ் பக்கம் ரெண்டு, கடைவீதி பக்கம் ரெண்டு, பஸ் ஸ்டாண்ட்ல ஒண்ணு. 40 சைக்கிளுக்கு நிறுத்தற இடம் 80-ஆவது வேணும், இல்லனா கொண்டு வந்தவனுக்கு விட இடம் இருக்காது. ரயில்வே ஸ்டேஷன் இப்ப வேண்டாம், வண்டி வந்தா ஒரே கூட்டம், போனா ஈ கூட இல்ல, அதுலயும் பாதி பேர் கைல பெட்டி.

ஒரு சைக்கிள் நாளைக்கு 4 தடவை கை மாறினா நல்லா ஓடுதுனு அர்த்தம். சித்திரை வெயில்ல மத்தியானம் யாரும் தொட மாட்டாங்க, அந்த மாசத்தை வச்சு பயந்துடாதீங்க, காலேஜ் லீவும் அப்பத்தான்.

கானாடுகாத்தானை விட மனசு இல்லனா, ஒரு ஹோட்டல் வாசல்ல 6 சைக்கிள் மட்டும் அரை நாள் வாடகைக்கு வைங்க. டூரிஸ்ட் அரண்மனை வீட்டைப் பாப்பான், ஆத்தங்குடி டைல் எப்படி ஊத்தறாங்கனு பாப்பான், சாயந்தரம் எடுத்த இடத்துலயே கொண்டு வந்து விடுவான், அதுக்கு ஆப்பும் வேணாம் லாக்கும் வேணாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். அந்தக் காலத்து மணிக்கு எட்டணா சைக்கிள் கடை அப்படித்தான் ஓடுச்சு.

முதல் மூணு மாசம் ஸ்டாண்டை சிமென்ட் போட்டு பதிக்காதீங்க. எது ஓடுது எது ஓடலனு ஆப்லயே தெரியும், ஓடாததை கழட்டி 200 மீட்டர் தள்ளி ஏதாவது டீக்கடை பக்கத்துல வைங்க.