கணினிக் கேள்வி பதில்: தெரிவுகளைச் சூழல் மாறிகளில் வைக்கலாமா?

கேள்வி: திருகோணமலையில் மீன் கொள்வனவு செய்யும் நிறுவனமொன்றில் பணியாற்றுகிறேன். அன்றாடக் கொள்வனவை அறிக்கையாக்கும் பைதன் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். கொட்பேயிலும் புல்மோட்டையிலும் உள்ள எங்கள் லினக்ஸ் கணினிகளில் அதை இயக்கும் ஒவ்வொரு முறையும் நிலையத்தின் பெயர், தரவுத்தளக் கணினி, அச்சுப்பொறி, திகதி ஆகியவற்றைக் கட்டளை வரியில் தட்டச்சிட வேண்டியுள்ளது. இவற்றைச் சூழல் மாறிகளில் வைத்துவிடலாமா? கடவுச்சொல்லையும் வைக்கலாமா?
– வாசகி, உவர்மலை

பதில்: முதல் மூன்றையும் சூழல் மாறிகளில், அதாவது நிரல்கள் வாசிக்கும்படி பெயரிட்டு வைக்கும் பெறுமானங்களில், வைக்கலாம்; திகதியை வைக்காதீர்கள். நிலையத்தின் பெயரும் தரவுத்தளமும் அச்சுப்பொறியும் அந்தந்தக் கணினிக்கு உரியவை என்பதால், ஒருமுறை எழுதிவிட்டால் மாற்ற வேண்டிய தேவை அரிது. திகதியோ ஒவ்வோர் இயக்கத்துக்கும் தனித்தனியே உரியது. அதை ஷெல்லின் (தட்டச்சிடும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலின்) தொடக்கக் கோப்பில் எழுதிவிட்டு மறந்துபோனால், மறுநாள் கொள்வனவு எந்தப் பிழைச் செய்தியுமின்றிப் பழைய திகதியில் அச்சாகும்.

சூழல் மாறிகள் 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸிலிருந்து வழக்கில் உள்ளவை. ஷெல் ஒரு நிரலைத் தொடக்கும்போது, எக்ஸ்போர்ட் கட்டளையால் பிற நிரல்களுக்கும் உரியதாக்கப்பட்ட மாறிகளின் பிரதியை அதனிடம் கொடுக்கிறது; நிரல் அப்பிரதியில் எதை மாற்றினாலும் ஷெல்லிடம் உள்ளது மாறாது. கட்டளைக்கு முன்னால், அதே வரியில், மாறியின் பெயர், சமன் குறி, பெறுமானம் என்று எழுதினால், அது அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் செல்லுபடியாகும்.

முன்னுரிமை வரிசையில் குழப்பம் கூடாது. கட்டளை வரியில் தட்டச்சிட்டதே முதலில். அது இல்லாதபோது சூழல் மாறி. அதுவும் இல்லாதபோது அமைப்புக் கோப்பு. கடைசியாகவே நிரலுக்குள் எழுதப்பட்ட பெறுமானம். பைதன் பொதிகளை நிறுவும் பிப் நிரல் இவ்வாறுதான் நடக்கிறது. தெரிவின் பெயரைப் பேரெழுத்தாக்கி, சிறுகோடுகளை அடிக்கோடாக மாற்றி, முன்னால் பிப் என்பதையும் ஓர் அடிக்கோட்டையும் சேர்த்தால் மாறியின் பெயர் கிடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழை நாட்களில் இணைப்பு தள்ளாடும்போது, பிப்பின் 15 செக்கன் காத்திருப்பை 60 ஆக்கி வைக்க இது நல்ல வழி.

உங்கள் நிரலில் இதற்குப் பெரிய வேலை இல்லை. கட்டளை வரியை வாசிக்க உதவும் பைதனின் ஆர்க்பார்ஸில் ஒவ்வொரு தெரிவின் இயல்பான பெறுமானமாகவும் சூழலிலிருந்து வாசித்ததைக் கொடுத்தால், அமைப்புக் கோப்பு நீங்கலாக மேற்சொன்ன வரிசை தானாகவே அமையும். வகையை முழு எண் என்று குறித்திருந்தால், எழுத்துச்சரமாக வரும் எண்ணையும் அதுவே மாற்றிக்கொள்ளும். ஆம், இல்லை எனும் தெரிவுகளில்தான் சறுக்கல் நேரும். பைதனில் வெறுமையற்ற எந்த எழுத்துச்சரமும் மெய்யாகவே கொள்ளப்படுவதால், அச்சிட வேண்டாம் என்று கருதி மாறியில் 0 என எழுதினாலும் அச்சுப்பொறி ஓடும். எந்தச் சொற்களை ‘இல்லை’ எனக் கொள்வது என்பதை நிரலில் நீங்களே எழுத வேண்டும்.

எல்லாத் தெரிவுகளையும் ஒரே மாறியில் வரிசையாக எழுதும் ஆசையும் வரக்கூடும், அதை விட்டுவிடுங்கள். கோப்புகளில் சொற்களைத் தேடும் குனூ கிரெப்பில் அப்படியொரு மாறி இருந்தது. ஒருவர் தம் வசதிக்கு அதில் வைத்த தெரிவு, வேறொருவர் எழுதிய ஸ்கிரிப்டுக்குள் இயங்கும் கிரெப்பின் விடையையும் மாற்றிவிடும். 2014இல் வந்த 2.21 பதிப்பு அம்மாறியை வழக்கொழிந்ததாக அறிவித்தது, 2020இன் 3.6 பதிப்பு அதைப் பொருட்படுத்துவதையே நிறுத்தியது. கோப்பைத் திரை திரையாகக் காட்டும் லெஸ் இன்றும் அத்தகைய மாறியை ஏற்கிறது. மனிதர் கண்ணால் பார்ப்பதற்கான நிரல் என்பதால் அங்கே தீங்கு குறைவு.

கடவுச்சொல்லைப் பொறுத்தவரை, கட்டளை வரியைவிடச் சூழல் மாறி மேல்; ஏனெனில் கட்டளை வரியைப் பிற பாவனையாளர்களும் இயங்கும் நிரல்களைப் பட்டியலிடும் பீஎஸ் கட்டளையால் பார்க்க முடியும். ஆயினும் உங்கள் நிரல் தொடக்கும் வேறு நிரல்களுக்கும் அந்த மாறி போய்ச் சேரும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஆவணம், கடவுச்சொல்லுக்கான தன் சொந்த மாறியைப் பரிந்துரைக்காமல் கடவுச்சொல் கோப்பையே பரிந்துரைக்கிறது. நீங்களும் 600 அனுமதி கொண்ட, உரிமையாளர் மட்டுமே வாசிக்கவும் எழுதவும் கூடிய கோப்பில் அதை வைப்பதே முறை.

கேள்வி: முனையத்தில் சரியாக இயங்கும் என் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் தானாக இயக்கும் க்ரொன் வழியாக இயங்கும்போது மாறிகளைக் காணவில்லை என்கிறதே, ஏன்?
– வாசகர், கிண்ணியா

பதில்: முனையத்தைத் திறக்கும்போது வாசிக்கப்படும் பாஷ் ஷெல்லின் தொடக்கக் கோப்பை க்ரொன் வாசிப்பதில்லை, மிகச் சில மாறிகளையே அது தருகிறது. தேவையானவற்றைக் க்ரொன் அட்டவணையின் தலைப்பகுதியிலேயே எழுதுங்கள். அங்கே டொலர் குறியிட்டு வேறு மாறியை அழைத்தால் அது விரியாது என்பதால், முழுப் பெறுமானத்தையும் எழுத வேண்டும். நிருவாகி உரிமையில் இயக்கும் சூடோ வழியாக இயக்கினாலும் உங்கள் மாறிகளில் பெரும்பாலானவை வழக்கமாகக் களையப்பட்டுவிடும்.