ப்ரூஸ்டர் விமானத்தில் ஸ்வஸ்திகா: ஜெர்மனியுடையதா?

ஸ்வஸ்திகா தெரியும் ப்ரூஸ்டர் விமானத்தின் கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டி, இது ஜெர்மானியர் கைப்பற்றியதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அது இரண்டாம் உலகப் போரில் ஃபின்லாந்து விமானப்படை பயன்படுத்திய, அமெரிக்கத் தயாரிப்பான ப்ரூஸ்டர் பி-239 போர் விமானம். ஜெர்மானியர் கைப்பற்றிய விமானம் அல்ல.

ஸ்வஸ்திகாதான் குழப்பியிருக்கும். வெள்ளை வட்டத்துக்குள் நீல ஸ்வஸ்திகா 1918-லேயே ஃபின்லாந்து விமானப்படைக்கு வந்துவிட்டது. ஸ்வீடன் பிரபு எரிக் வான் ரோசன் கொடுத்த விமானத்தில் அவருடைய அதிர்ஷ்டச் சின்னமாக இருந்தது அது. நாஜிக் கட்சி அப்போது பிறக்கவே இல்லை.

படத்தைப் பெரிதாக்கி விமான உடலின் பின்பகுதியைப் பாருங்கள். பிடபிள்யூ (BW)-351 முதல் 394 வரை ஓர் எண் தெரிந்தால் ஃபின்லாந்து விமானம்தான். ஃபின்லாந்து வாங்கிய 44 விமானங்களும் அதற்குள்தான். அப்புறம் சின்னம் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். ஜெர்மன் சின்னம் சாய்ந்து, வாலில் மட்டும் இருக்கும்.

உடலைச் சுற்றிய பட்டையை மட்டும் நம்ப வேண்டாம். சோவியத்துக்கு எதிரான கிழக்குப் போர்முனையில் அந்த மஞ்சள் பட்டையை ஃபின்லாந்து, ஜெர்மன் படைகள் இரண்டுமே பூசின.