கணக்குக் கேட்டால் கோபம் ஏன்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வெள்ளவத்தையில் எட்டு மாடிகள் கொண்ட தொடர்மாடி ஒன்றில் வசிக்கிறோம். எங்கள் சங்கத் தலைவர் பல வருடங்களாகப் பொறுப்பில் இருப்பவர், நேர்மையானவர், லிஃப்ட் பழுதானால் நள்ளிரவிலும் இறங்கி வருபவர். ஆனால் பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தியபோது கணக்குக் கேட்டவர்களிடம், "என்னைக் கள்ளன் என்கிறீர்களா?" என்று கொதித்துவிட்டார். அதன் பிறகு கீழ்மாடியினர், தாங்கள் லிஃப்ட் பாவிப்பதில்லை என்று கூறிக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கட்டாமல் நிறுத்திவிட்டார்கள். வட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டை. புதிதாகச் செயலாளராகத் தெரிவாகியிருக்கும் நான் யாரை, எப்படிச் சமாதானப்படுத்துவது? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: அம்மா, சமாதானப்படுத்தும் வேலையைச் சற்றுத் தள்ளி வையுங்கள். உங்கள் கட்டடத்தில் பணம் பற்றிய ஒரு கேள்வியும் மானம் பற்றிய ஒரு கோபமும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. பணக் கேள்விக்கு விடை கிடைக்காதவரை எத்தனை தேநீர் விருந்து வைத்தாலும் மானக் கோபம் ஆறாது. கணக்கைத் திறந்து வைப்பதுதான் முதல் வேலை.

கணக்குக் கேட்பதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மவர்களிடம் அதிகம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறாக இருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்று விதிக்கிறது. அந்த ஊரில் எல்லோரும் திருடர்கள் என்பதால் அந்த விதி எழுதப்படவில்லை. எவரையும் தனித்துக் குறிப்பிடாமல் எல்லோருக்கும் பொதுவாகக் கல்லில் வெட்டப்பட்டதால், கணக்குக் காட்டுவது அங்கே எவருக்கும் அவமானமாகவும் இருந்திருக்காது. உங்களுக்குத் தேவைப்படுவதும் அத்தகைய விதிதான்: எவரும் கேட்பதற்கு முன்பே, ஒவ்வொரு மாதமும் குறித்த ஒரு திகதியில், வரவு செலவுத் தாளும் வங்கிக் கூற்றின் பிரதியும் லிஃப்ட் அருகிலுள்ள அறிவித்தல் பலகைக்கு வர வேண்டும்.

இந்த யோசனையைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லாதீர்கள். பொருளாளரையும் அழைத்துக்கொண்டு தலைவரின் வீட்டுக்குப் போய், அதை அவரே தமது முடிவாக அறிவிக்கும்படி கேளுங்கள். நேர்மையானவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவருக்கு வலித்தது, பலர் முன்னிலையில் கேட்கப்பட்ட விதம்தான். அதே மனிதர் தாமே முன்வந்து கணக்கை ஒட்டினால் அவருடைய மதிப்பும் குறையாது, கேட்டவர்களின் சந்தேகமும் தீரும்.

தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். பொது மின்சாரச் செலவைத் தனி வரியாகக் காட்டுங்கள். 2022 ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தன. அதற்கு முன்பு நிர்ணயித்த பராமரிப்புக் கட்டணத்தைக் கொண்டு லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் ஓட முடியாது என்பதைப் பழைய, புதிய பட்டியல்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலே எவரும் புரிந்துகொள்வர். ஆனால் 2025 ஜனவரியில் மின் கட்டணம் 20 சதவீதம் குறைந்ததே, அந்த மிச்சம் எங்கே போனது என்றும் ஒருவர் கேட்பார், கேட்க வேண்டும். அது காவலாளியின் சம்பளத்துக்கோ மோட்டார்ப் பழுதுக்கோ போயிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

இனிக் கீழ்மாடி விவகாரம். சட்டப்படி பார்த்தால் அவர்களுடைய வாதம் பலவீனமானது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் 1982, 2003 ஆண்டுத் திருத்தங்களும் தொடர்மாடி உரிமையை ஒழுங்குபடுத்துகின்றன. அவற்றின்படி, பொது உறுப்புகளுக்கான, அதாவது எல்லோருக்கும் பொதுவான பகுதிகளுக்கான, பங்களிப்பு ஒவ்வொரு வீட்டுக்கும் வகுக்கப்பட்டுள்ள பங்குப் பெறுமதியின் அடிப்படையில் அமைகிறது. எவர் எத்தனை முறை லிஃப்டில் ஏறினார் என்ற கணக்கு அங்கே இல்லை. பதிவு செய்யப்பட்ட வரைபடத்தில் லிஃப்ட் பொது உறுப்பாகக் காட்டப்பட்டிருந்தால் கீழ்மாடியினரும் பங்குதாரர்களே.

ஆனால் இந்தச் சட்டப் பிரிவுகளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். முதலில் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய், லிஃப்டைத் தவிர வேறு என்ன குறை என்று கேளுங்கள். கீழ்மாடியில் வசிப்பவர்களுக்குத்தான் ஜெனரேட்டர்ப் புகையும் சத்தமும், கழிவுநீர்க் குழாய் அடைத்தால் முதலில் வரும் நாற்றமும், தமது ஜன்னலுக்கு நேரே நிறுத்தப்படும் வாகனங்களும். பல மாதங்களாக எவரும் காது கொடுக்காத ஒரு குறை, கடைசியில் லிஃப்ட் கட்டண மறுப்பாக உருமாறி வெளிவருவது நம் தொடர்மாடிகளில் சாதாரணம். அந்தக் குறை தீர்க்கக்கூடியதாக இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட்டு, பிறகு நிலுவையைக் கேளுங்கள். கேட்பதிலும் படி வேண்டும்: முதலில் நேரில் ஒரு சொல், பிறகு கடிதம், பிறகு பொதுக்கூட்டத் தீர்மானம், அதற்கும் பிறகுதான் சட்டத்தரணி. பொதுச் சொத்துகளை மக்கள் தாமே நிர்வகிப்பதை ஆராய்ந்து 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரொம், நீண்ட காலம் நிலைத்த அமைப்புகளில் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவதைக் கண்டார். முதல் தவணை தவறியதும் ஒருவருடைய தண்ணீரை நிறுத்தப் பார்க்கும் கொமிட்டிகள் கொழும்பில் இல்லாமல் இல்லை. அது மூர்க்கம், நிர்வாகம் அல்ல.

இலண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கும் உரிமையாளர்களையும் மறந்துவிடாதீர்கள். வாடகைக்கு இருப்பவர் லிஃப்ட் நின்றால் அவதிப்படுவார். ஆனால் தீர்மானத்தில் வாக்கு உரிமையாளருடையது. கணக்குத் தாள் மின்னஞ்சலில் அவர்களுக்கும் போகட்டும்.

இத்தனையும் செய்த பிறகும் தீராவிட்டால் தொடர்மாடிகளின் நிர்வாகத்தை மேற்பார்வையிடும் அரச நிறுவனமான கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபைக்கு எழுதலாம். தலைவர் பதவிக்கு ஒரு கால எல்லை வைப்பது பற்றியும் அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பேசுங்கள். நல்ல மனிதரையும் நீண்ட கால நாற்காலி தொட்டாற்சிணுங்கியாக்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் இரு வீட்டாருக்கிடையே முச்சக்கர வண்டி நிறுத்துவதில் தொடங்கிய தகராறு, தூஷண வார்த்தைகளும் மிரட்டலுமாக வளர்ந்து, ஒருவர் பொலிஸில் முறைப்பாடும் செய்துவிட்டார். ஒழுங்கைச் சங்கத் தலைவர் என்ற முறையில் நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று இரு தரப்பும் எதிர்பார்க்கின்றன. – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தீர்ப்புச் சொல்லாதீர்கள் ஐயா. நீங்கள் அதே ஒழுங்கையில் நாளையும் நடக்க வேண்டியவர். தோற்ற தரப்பு உங்களை மறக்காது. வண்டிகளை எங்கே, எந்த நேரத்தில் நிறுத்தலாம் என்பதை ஒழுங்கை முழுவதற்கும் பொதுவான விதியாகச் சங்கம் எழுதட்டும். அது உங்கள் வேலை. தூஷணமும் மிரட்டலும் மத்தியஸ்த சபைக்குரியவை.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தச் சபைகள் பெரும்பாலும் வார இறுதியில், பாடசாலை போன்ற பொது இடங்களில் கூடுகின்றன. இரு தரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, மூன்றாமவர் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார். சட்டத்தரணிகள் தோன்றி வாதாட முடியாது; சம்பந்தப்பட்டவர்களே பேச வேண்டும். மத்தியஸ்தர் தீர்ப்பளிப்பதில்லை என்பதைப் பலர் அறியாமல் போய் ஏமாற்றமடைகிறார்கள். இணக்கம் வந்தால் அது எழுத்தில் பதியப்படும். வராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் தரப்படும். சட்டம் குறிப்பிடும் பல வகைத் தகராறுகளில் அந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் போக முடியாது. இரு வீட்டாரிடமும் தனித்தனியே போய் இந்த வழியை விளக்குங்கள். வேண்டுமானால் அன்றைய தினம் துணைக்குப் போங்கள், ஆனால் இரு தரப்பில் ஒன்றின் ஆளாகத் தெரியும்படி போகாதீர்கள். கைகலப்பு நடக்கும் அபாயம் இருந்தால் மட்டும் இந்த ஒழுங்கு செல்லாது. அப்போது உடனே பொலிஸ்தான்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் சிங்கள, தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. கூட்ட அறிக்கை சிங்களத்தில் மட்டும் வருகிறது. தமிழிலும் கேட்டால் பிரிவினை பேசுகிறோம் என்பார்களோ என்று தயங்குகிறோம். – வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: கேட்பது நியாயம். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. எனினும் உங்கள் சங்கம் அரச திணைக்களம் அல்ல, ஆகவே அரசியலமைப்பைத் தூக்கிக்கொண்டு போவதில் பயன் குறைவு. கட்டண உயர்வுத் தீர்மானம் ஒன்றை வாசிக்க முடியாத ஒருவர் அதற்கு ஒப்புக்கொண்டதாக எப்படிச் சொல்வது என்று மட்டும் கேளுங்கள். அது எல்லோருக்கும் விளங்கும் வாதம். கேட்கும்போதே, தமிழ்ப் பிரதியை எழுதித் தரும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். செயலாளரின் வேலை அதிகரிக்காது என்று தெரிந்தால் மறுப்பதற்குக் காரணம் இருக்காது. முதல் சில மாதங்களுக்கு, இரு மொழியும் அறிந்த ஒருவரைக் கொண்டு இரு பிரதிகளையும் ஒப்புநோக்கச் செய்து, அவரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.