தண்ணீர் ஊற்றும் முன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்

தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் மணி பிளான்ட் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. உரம் போதவில்லையா?

அந்தத் 'தவறாமல்'தான் தவறு. மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது, மெல்ல அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. ஈரத்தில் நின்றபடியே செடி வாடும். நாமோ தாகம் என்று நினைத்து இன்னொரு குவளை ஊற்றுவோம்!

செடியை மண்ணோடு மெதுவாக உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெளிறி, விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று, நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். நாற்றமும் அடிக்கும். அவற்றை வெட்டிவிட்டுப் புது மண்கலவையில் வையுங்கள். வேர் எல்லாமே போயிருந்தால், கணு உள்ள ஒரு தண்டைத் தண்ணீரில் போட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். கணு இல்லாத வெறும் இலை புதுக்கொடி விடாது.

இனி நாள் கணக்கு வேண்டாம். விரலை மண்ணுக்குள் நுழையுங்கள், 3 செ.மீ. வரை காய்ந்திருந்தால் ஊற்றலாம். உரத்தைப் புதுத்துளிர் வரும்வரை மறந்துவிடுங்கள். அடியில் எப்போதாவது ஓர் இலை பழுத்தால், அது வயதானது, அவ்வளவுதான்.

தொட்டியைச் சுற்றிக் குட்டிக் கருப்பு ஈக்கள் பறக்கின்றன.

இதுவும் ஈரத்தின் கைவரிசைதான். முட்டையும் புழுவும் மேல்மண்ணில் இருக்கும். அந்த மண்ணை நன்றாகக் காயவிடுங்கள். பறப்பவற்றை மஞ்சள் ஒட்டுஅட்டை பார்த்துக்கொள்ளும். ஒரு தலைமுறைக்கு மூன்று, நான்கு வாரம் ஆகும் என்பதால் ஒரே வாரத்தில் கைவிட்டுவிடாதீர்கள்.

வடிகாலுக்காகத் தொட்டியின் அடியில் கல் போடலாமா?

வேண்டாம். மண் முழுதாக ஊறிய பிறகுதான் தண்ணீர் கல்லுக்குள் இறங்கும். அதாவது, ஈரம் இன்னும் மேலே, வேரின் பக்கத்திலேயே தங்கும். ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மஞ்சள் விளிம்புள்ள ஸ்நேக் பிளான்ட் இலையை வெட்டி நட்டேன். கன்று பச்சையாகவே வந்திருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. எனக்குப் பிடித்த வேடிக்கை இது. அந்த மஞ்சள் ஓரம் மரபணு வேறுபட்ட செல் அடுக்கு ஒன்றால் வருவது. இலைத்துண்டிலிருந்து கிளம்பும் கன்றில் அந்த அடுக்கு அமைப்பு தொடராது. மஞ்சள் வேண்டுமென்றால், பக்கத்தில் முளைக்கும் கன்றை அடிக்கிழங்கோடு பிரித்து நடுங்கள்.

வீட்டுக் காற்றைச் சுத்தப்படுத்த எத்தனை செடி வைக்க வேண்டும்?

1989இல் வந்த நாசா ஆய்வை வைத்துப் பரவிய பேச்சு இது. அந்தச் சோதனை நடந்தது மூடிய சிறு பெட்டிகளுக்குள். சாதாரண அறையில் ஜன்னலைத் திறந்தால் கிடைக்கும் பலனை எட்ட, நடக்க இடமில்லாத அளவுக்குச் செடி அடுக்க வேண்டியிருக்கும். பிடித்திருந்தால் வளருங்கள்; காற்றுக்கு ஜன்னல் இருக்கிறது.