பழகி வந்த பொறுமை

அன்புள்ள ஆசிரியருக்கு,

2024 ஜூனில் தன் 95-ஆவது வயதில் மறைந்த ஜேம்ஸ் லாசனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் உரிமைக்காக அறவழியில் போராட மாணவர்களுக்குப் பயிற்சி தந்த பாதிரியார் அவர். ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அடித்தால் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு பாதிரியாருக்குச் சரி. கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது எப்படி முடிந்தது? எனக்கெல்லாம் சட்டென்று கோபம் வந்துவிடும்.

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

இயல்பாக வந்ததல்ல, பழக்கி வந்தது. லாசனிடம் நான் பெரிதாக மதிப்பதே இதைத்தான்.

கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறைக்குப் போனவர் அவர். அப்புறம் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரிக்கு வந்தார். காந்தியின் போராட்ட முறைகளைக் கற்றார். பேருந்துகளில் இருந்த இனப் பாகுபாட்டை எதிர்த்து அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பினத்தவர் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு பற்றிய செய்தி அவருக்கு அங்கேதான் கிடைத்தது. ஊர் திரும்பிய பின், 1957-இல் மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்து, தாமதிக்காமல் இனப் பாகுபாடு கடுமையாக இருந்த தென் மாநிலங்களுக்கு வரச் சொன்னார்.

அப்படி அவர் போன தென் மாநில நகரமான நாஷ்வில்லில், ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவருடைய பயிற்சி வகுப்பு நடந்தது. சிலர் வெள்ளையராக நடிப்பார்கள். எதிரே இருப்பவரைக் கேவலமாகத் திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், நாற்காலியோடு இழுத்துத் தள்ளுவார்கள். திருப்பிக் கை ஓங்கக்கூடாது. கீழே விழுந்தால் தலையை எப்படிக் காப்பது என்பது வரை ஒத்திகை பார்த்தார்கள். பின்னாளில் உரிமைப் போராட்டத் தலைவர்களாகப் பெயர்பெற்ற ஜான் லூயிஸும் டயான் நாஷும் அங்கே படித்தவர்கள். நாஷ் முதலில் இதெல்லாம் பலிக்கும் என்றே நம்பவில்லை. நம்பாமலேதான் வந்து பயின்றார். உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

1960 பிப்ரவரி 27 அன்று, வெள்ளையருக்கு மட்டுமே சாப்பாடு பரிமாறிய நாஷ்வில் கடைகளில் அதை எதிர்த்து அமர்ந்த மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். போலீஸ் பிடித்ததோ அடிபட்டவர்களை. ஒரு குழுவை இழுத்துப் போனால் அடுத்த குழு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. கைதானவர்கள் சுமார் 80 பேர். திட்டினாலும் திருப்பித் திட்டாதே, நிமிர்ந்து உட்கார், முகம் மேசையைப் பார்த்தே இருக்கட்டும் என்று எழுதிய விதிகள் அவர்களிடம் இருந்தன. லாசனை அவர் படித்துவந்த வான்டர்பில்ட் பல்கலைக்கழகம் வெளியேற்றியது. மே 10 முதல் நகரின் மையக் கடைகள் கறுப்பினத்தவருக்கும் பரிமாறத் தொடங்கின.

கோபம் இல்லாதவர்களா அவர்கள்? இல்லவே இல்லை. கோபத்தை எங்கே செலவழிப்பது என்று கற்றவர்கள்.

பயிற்சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் லாசன் பார்த்தார். 1968-இல் மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குக் கிங்கை அழைத்தவர் அவர்தான். மார்ச் 28 ஊர்வலத்தில் பயிற்சி பெறாத கூட்டம் பெருகியது. சிலர் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். போலீஸ் பாய்ந்தது. லாசனே ஒலிபெருக்கியில் எல்லோரையும் திரும்பிப் போகச் சொன்னார். மறுபடி ஒழுங்காக நடத்த வேண்டும் என்று வந்த இடத்தில்தான், ஏப்ரல் 4 அன்று, கிங் கொல்லப்பட்டார்.

ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். நான்கே நாளில் பல்லாயிரம் பேர் அதே நகரில் அமைதியாக நடந்தார்கள். ஏப்ரல் 16-இல் நகர நிர்வாகம் தொழிலாளர் சங்கத்தை ஏற்றுக்கொண்டது.